பெட்டி வந்த வீட்டுக்கு ஆள் திரும்பும்போது

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் விமான நிலையத்தில் சாமான் சுழன்று வரும் பட்டைக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் ஒன்று கண்ணில் படும். சூட்கேஸ்களுக்கு நடுவே அட்டைப்பெட்டிகள் வந்தபடி இருக்கும். நாலு சுற்று பழுப்பு டேப், அதற்கு மேல் நைலான் கயிறு, எல்லாப் பக்கத்திலும் தடித்த மார்க்கரில் பெயர், ஊர், மாகாணம். இதற்கு ‘பாலிக்பாயான்’ பெட்டி என்று பெயர். தகாலோக் மொழியில் ‘பாலிக்’ என்றால் திரும்புவது, ‘பாயான்’ என்றால் ஊர், நாடு. கூடவே தூக்கிவருவதைவிடக் கப்பலில் போட்டு அனுப்புவதுதான் அதிகம். சோப்பு, துண்டு, காப்பித்தூள், டின் மாட்டிறைச்சி, சாக்லேட், ஒரு ஜோடி ஷூ, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு டி-ஷர்ட். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ அப்பா கொண்டுவந்த கோடாலித் தைலமும் டாங் பவுடரும் நினைவில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியின் வாசனை புதிதாக இருக்காது.

பெயர் என்னவோ ஊர் திரும்பும் பெட்டி. ஆனால் பல வருஷங்களுக்கு ஆள் திரும்புவதில்லை, பெட்டி மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். அப்படிப் பதினைந்து வருஷம் பெட்டி வந்த வீட்டுக்கு ஒரு நாள் ஆளே வந்து இறங்குகிறார். ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், உடம்பு முடியாமல் போயிருக்கலாம், வேலை வாங்கியவர் விரட்டியிருக்கலாம், போர் மூண்டிருக்கலாம். முதல் வாரம் விருந்து. மூன்றாம் மாதம் கைப்பணம் கரையும். அதற்கு அப்புறம் ஆள் பிடிக்கும் ஏஜென்சிக்குப் போன் போடுவார்.

இந்தச் சுழலை நிறுத்தத்தான் பிலிப்பைன்ஸ் அரசு முப்பது வருஷமாகத் திட்டம் மேல் திட்டம் போட்டுவருகிறது. உலகத்தில் இவ்வளவு விரிவாகச் செய்கிற நாடு வேறு இல்லை என்றுகூடச் சொல்லலாம். அப்படியும் ஏன் பலன் பாதியோடு நிற்கிறது?

வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு பிலிப்பினோ தொழிலாளிகளை நன்றாகத் தெரியும். ஒருவரை ஒருவர் ‘கபாயன்’, அதாவது ‘நம்ம ஊர்க்காரர்’ என்று கூப்பிடுவார்கள். கேட்டுக் கேட்டு மலையாளிகளும் தமிழர்களும் அவர்களையே ‘கபாயன்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். சொந்த நாட்டில் இவர்களுக்கு மூன்றெழுத்துப் பெயர்: ஓ.எஃப்.டபிள்யூ. வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பினோ தொழிலாளி என்பதன் சுருக்கம். பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்தின் 2023 கணக்கெடுப்பில் இவர்கள் சுமார் 21.6 லட்சம் பேர். பாதிக்கு மேல் பெண்கள். ஐந்தில் ஒருவர் சவுதி அரேபியாவில். வெளிநாடுகளில் நிரந்தரமாகக் குடியேறியவர்களையும் சேர்த்து 2024-இல் அந்த நாட்டுக்கு வந்த பணம் 3,830 கோடி டாலருக்கு மேல். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எட்டு சதவீதத்தைத் தாண்டும் தொகை. அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வந்தது என்று மத்திய வங்கி கணக்குச் சொல்லிவிடும். எத்தனை பேர் நிரந்தரமாக வீடு திரும்பினார்கள் என்பதற்கு அப்படி ஒழுங்கான ஒரு மாதக் கணக்கு கிடையாது. எதை எண்ணுகிறோம் என்பதிலேயே நம் அக்கறை தெரிந்துவிடும் இல்லையா?

தற்காலிகம் என்று தொடங்கியது

1974-இல் பெர்டினாண்ட் மார்கோஸ் ஆட்சியில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. அப்போதைய தொழிலாளர் அமைச்சர் பிளாஸ் ஓப்ளே. எண்ணெய் விலை ஏறியதில் பிலிப்பைன்ஸ் தள்ளாடியது. அதே எண்ணெய்ப் பணத்தில் வளைகுடா நாடுகள் சாலையும் துறைமுகமும் கட்ட ஆள் தேடின. உள்ளூரில் வேலையில்லாதவர்களை அங்கே அனுப்பினால் டாலரும் வரும், தெருவில் கோபமும் குறையும். கொஞ்ச காலத்துக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்தார்கள்.

பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. 1982-இல் மார்கோஸ் ஒரு நிர்வாக ஆணை போட்டார், எண் 857. வெளிநாட்டில் சம்பாதிப்பவர் சம்பளத்தில் இத்தனை சதவீதத்தைக் கட்டாயம் வங்கி வழியாக ஊருக்கு அனுப்ப வேண்டும். வீட்டு வேலை செய்பவர் ஐம்பது, கப்பலில் வேலை செய்பவர் எண்பது. அனுப்பாவிட்டால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்த பெண்கள் சங்கம் கட்டி இதை எதிர்த்தார்கள். 1985-இல் அந்தத் தண்டனைப் பகுதியை அரசு திரும்பப் பெற்றது. பெண்கள் தெருவில் இறங்கி வாங்கிய வெற்றி அது. கப்பல் ஊழியர்களுக்கு மட்டும் எண்பது சதவீத விதி இன்றும் தொடர்கிறது.

1988-இல் அதிபர் கோரி அக்கினோ ஹாங்காங் போனபோது அங்கிருந்த பணிப்பெண்களை நாட்டின் புதிய வீரர்கள் என்று புகழ்ந்தார். ‘பாகோங் பாயானி’ என்ற அந்தச் சொல் அன்றிலிருந்து ஒவ்வொரு அரசியல்வாதி வாயிலும் உட்கார்ந்துவிட்டது. ஏழு வருஷம் கழித்து, 1995 மார்ச் 17-ஆம் தேதி, ஃப்ளோர் கான்டெம்பிளாசியோன் என்ற பிலிப்பினோ பணிப்பெண்ணை சிங்கப்பூர் தூக்கிலிட்டது. மணிலா கொந்தளித்தது. மூன்றே மாதத்தில், ஜூன் 7-ஆம் தேதி, குடியரசுச் சட்டம் 8042 கையெழுத்தானது. இன்றும் ஜூன் 7 அங்கே புலம்பெயர் தொழிலாளர் தினம். திரும்பி வருபவரை மறுபடி சமூகத்தில் நிலைநிறுத்துவது அரசின் கடமை என்று எழுத்தில் வந்தது இந்தச் சட்டத்தில்தான். அதிலேயே இன்னொரு வரியும் உண்டு: பொருளாதார வளர்ச்சிக்கு ஒரு வழியாக வெளிநாட்டு வேலையை அரசு ஊக்குவிக்காது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்த வரியையும் மத்திய வங்கியின் மாதாந்திரப் பணவரவு அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

2021 டிசம்பரில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்றே தனி அமைச்சகம் அமைக்கச் சட்டம் வந்தது. 2022-இல் மார்கோஸ் ஜூனியர் ஆட்சியில் அதன் பொறுப்பை ஏற்றவர் சூசன் ஓப்ளே. 1974-இல் ஆள் அனுப்பத் தொடங்கிய அதே பிளாஸ் ஓப்ளேவின் மகள். கடத்தப்பட்டவர்களையும் ஏமாற்றப்பட்டவர்களையும் மீட்டு ஊர் சேர்க்கும் வேலையைப் பல வருஷம் செய்துவந்தவர் அவர். 2023 ஆகஸ்டில் காலமானார். அப்பா திறந்த கதவின் வழியாகத் திரும்பி வருபவர்களை மகள் நின்று பார்த்துக்கொண்டார் என்று சொன்னால் கொஞ்சம் நாடகமாகத் தெரியும், ஆனால் நடந்தது அதுதான்.

இருபதாயிரம் பெசோவில் ஒரு கடை

திரும்புபவருக்குக் கிடைக்கும் உதவியில் பெரும்பகுதி ‘ஓவ்வா’ என்ற நலவாரியம் வழியாக வருகிறது. 1977-இல் நலநிதியாகத் தொடங்கியது. வெளிநாடு போகும் தொழிலாளிக்காக 25 டாலர் கட்டினால் இரண்டு வருஷ உறுப்பினர். அந்தப் பணம்தான் நிதி. கொரோனா தொடங்கியபோது அதில் சுமார் 1,800 கோடி பெசோ இருந்தது. இந்த வேகத்தில் செலவானால் நிதி வற்றிவிடும் என்று வாரியமே நாடாளுமன்றத்தில் எச்சரித்தது. உதவித்தொகை கொடுக்கும் விழாக்களில் அரசு தன் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல மேடை அமைப்பார்கள். அடிப்படையில் அது தொழிலாளர்கள் பேரில் திரண்ட பணம்.

‘பாலிக் பினாஸ், பாலிக் ஹனாப்புஹாய்’ என்பது வாரியத்தின் பெரிய திட்டம். நாட்டுக்குத் திரும்பு, பிழைப்புக்குத் திரும்பு என்று பொருள். பாதியில் வேலை இழந்து வந்த உறுப்பினருக்குச் சிறு தொழில் தொடங்க அதிகபட்சம் 20,000 பெசோ, திருப்பித் தர வேண்டாம்.

இதை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். 2024 இறுதியில் ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளருக்குச் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,990 ஹாங்காங் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 37,000 பெசோ, சாப்பாடும் தங்குமிடமும் தனி. மணிலாவில் அப்போது குறைந்தபட்ச தினக்கூலி 645 பெசோ. மாதம் 26 நாள் வேலை செய்தாலும் பதினேழாயிரத்தைத் தொடாது, மாகாணங்களில் இன்னும் குறைவு. ஆக, மறுவாழ்வுக்கு என்று கொடுக்கும் 20,000 பெசோ அந்தப் பெண்ணின் பதினாறு நாள் சம்பளம். பதினாறு வருஷம் வெளியே இருந்தவருக்குப் பதினாறு நாள்.

அந்தப் பணத்தில் என்ன செய்ய முடியும்? பெரும்பாலும் ஒரு சாரி-சாரி கடை. நம்மூர்ப் பெட்டிக்கடையேதான். வீட்டின் முன்னறை ஜன்னலுக்குக் கம்பிவலை, அதில் கைநுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே ஷாம்பு, காப்பி, சலவைத்தூள் சாஷேக்கள் சரம் சரமாகத் தொங்கும். சிகரெட் ஒற்றையாக, எண்ணெய் சின்னப் பிளாஸ்டிக் பையில், பூண்டு பல் கணக்கில். இப்படிச் சில்லறையாக விற்பதற்கு ‘திங்கி’ என்று பெயர். அரிசி ரெண்டு மூட்டை, குளிர்பானம் நாலு கிரேட், இந்தச் சரங்கள் எல்லாம் வாங்கிவைத்தால் இருபதாயிரம் தீர்ந்துவிடும். குளிர்சாதனப் பெட்டிக்குக் கையிலிருந்துதான் போட வேண்டும்.

அதே சந்தில் ஏற்கெனவே ரெண்டு கடை இருக்கும். அது ஒரு சங்கடம். பெரிய சங்கடம் வாங்க வருகிறவர்கள் யார் என்பது. அத்தை, சித்தப்பா, கணவரின் தங்கை, ஞானஸ்நானத்துக்கு நின்ற குழந்தையின் அம்மா. இவர்களிடம் ரொக்கம் கேட்க முடியுமா? வெளிநாட்டில் இருந்தபோது பெட்டியில் பங்கு வாங்கியவர்கள், இப்போது கடையில் பங்கு எதிர்பார்ப்பார்கள். ‘பாவால் உத்தாங்’, கடன் கிடையாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்ற நம்மூர் அட்டைக்கு இருக்கிற மரியாதைதான் அதற்கும். பழைய பள்ளி நோட்டில் கடன் பட்டியல் நீளும். சரக்கு வாங்கக் காசில்லாதபோது ‘ஃபைவ்-சிக்ஸ்’ வட்டிக்காரரிடம் போக வேண்டியதுதான். ஐந்து வாங்கினால் ஆறு. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்து வசூலிக்கும் இந்த வட்டிக்காரர்களில் பலர் பஞ்சாபிகள். இந்தியர் என்றாலே அங்கே ‘பும்பாய்’, பம்பாய்க்காரர். பிலிப்பைன்ஸ் கிராமத்தில் நீங்கள் இந்தியர் என்று அறிமுகம் செய்துகொண்டால் சிலர் கொஞ்சம் பின்வாங்குவது இதனால்தான்.

பெரிய அளவில் செய்ய நினைப்பவருக்கு அரசு வங்கிக் கடன் உண்டு. ஒரு லட்சம் பெசோவிலிருந்து இருபது லட்சம் வரை, வட்டி ஏழரை சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கி ஈடு கேட்கும். தொழில் திட்ட அறிக்கை கேட்கும். பாத்திரம் கழுவி, குழந்தை பார்த்து இருபது வருஷம் கழித்தவரிடம் அந்த அறிக்கை எங்கிருந்து வரும்? வாங்கியவர்களிலும் பலர் பன்றி வளர்ப்பில் இறங்கினார்கள், ஊரில் தெரிந்த தொழில் என்பதால். 2019-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிலிப்பைன்ஸில் நுழைந்து கொட்டகை கொட்டகையாகக் காலி செய்தது. வளர்ப்பவரின் உழைப்பிலோ ஒழுக்கத்திலோ குறை இல்லாதபோதும் முதல் போயிற்று. கூலிக்காரரை ஒரே நாளில் முதலாளியாக்கும் எல்லாத் திட்டங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. நஷ்டம் முழுக்க அவர் தலையில்.

எனக்குப் பிடித்த திட்டம் வேறொன்று. அதன் பெயரே ஒரு சிலேடை: ‘சா பினாஸ், இக்காவ் அங் மேம், சேர்’. பிலிப்பைன்ஸில் நீங்கள்தான் மேடம், நீங்கள்தான் சார். பி.எட். மாதிரிப் படிப்பு முடித்து ஆசிரியர் உரிமமும் வாங்கிவிட்டு ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் நிறைய. அங்கே எஜமானியை ‘மேம்’ என்று கூப்பிடுகிறவர், இங்கே வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று ‘மேம்’ என்று சொல்ல நிற்பார். ஐந்து வருஷத்துக்கு மேல் பாடம் எடுக்காதவர் மறுபடி சில பாடங்களைப் படித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தப் படிப்பை ஏற்பாடு செய்து, உரிமம் சரிபார்த்து, கல்வித் துறையில் பணியமர்த்த வழிசெய்கிறார்கள். 2025-இல் அரசுப் பள்ளியில் தொடக்கநிலை ஆசிரியர் சம்பளம் மாதம் 30,024 பெசோ. ஹாங்காங் சம்பளத்தைவிடக் குறைவுதான், ஆனால் கூப்பிடு தூரத்தில். ஓய்வூதியமும் உண்டு, ராத்திரி சொந்த வீட்டில் படுக்கலாம். இந்த இடத்தில் திரும்புவது தியாகமாக இல்லை, கணக்குக்கும் ஒத்துவருகிறது. ஒரே குறை, இதில் சேரக்கூடியவர்கள் திரும்பி வருபவர்களில் ஒரு சிறு துளி.

வீட்டில் ஓர் இடம்

காசுக் கணக்கை இதோடு விட்டுவிடலாம். எந்த அதிகாரியின் படிவத்திலும் கட்டம் இல்லாத ஒன்று இருக்கிறது. வீடு.

எண்பதுகளில் சவுதிக்குப் போனவர்களும் குடும்பமும் கேசட்டில் குரலைப் பதிந்து அனுப்பிக்கொண்டார்கள். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் பிள்ளைகள். ஊருக்கு வந்து வாங்கிய ஜீப்னி வண்டியின் நெற்றியில் ‘காத்தாஸ் நங் சவுதி’ என்று எழுதிவைத்தார்கள், சவுதியின் சாறு என்று அர்த்தம். சாறு பிழியப்பட்டது யார் என்று கேட்டால் ஓட்டுநர் சிரிப்பார். அப்புறம் குறுஞ்செய்தி, இப்போது வீடியோ அழைப்பு. அடுப்பில் என்ன வெந்துகொண்டிருக்கிறது என்பதை ரியாத்திலிருந்தே பார்த்து உப்பு போதுமா என்று கேட்கலாம். தூரம் குறைந்துவிட்டது என்கிறோம். உண்மையில் நடந்தது இன்னொன்று. அம்மா திரைக்குள் இருந்தபடியே அந்த வீடு அவர் இல்லாமல் நடக்கப் பழகிவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டுவது பாட்டி. பள்ளிக் கையெழுத்து பெரியம்மா. காய்ச்சல் வந்தால் யாரை எழுப்ப வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும், அது அம்மா இல்லை.

இப்படி ஒழுங்குபட்ட வீட்டுக்குள் அவர் திரும்பி வரும்போது அவருக்கென்று காலி இடம் இருப்பதில்லை. சமையலறையில் டப்பாக்கள் எங்கே என்று பாட்டியைக் கேட்க வேண்டும். பதினாலு வயது மகனை அதட்டினால் அவன் பாட்டியைப் பார்ப்பான். கணவர் இத்தனை வருஷம் வந்த பணத்தை நிர்வகித்தவர், இப்போது கணக்கு சொல்ல வேண்டிய நிலை. மாதாமாதம் பணம் அனுப்பிய வரைக்கும் வீட்டின் மையமாக இருந்தவர், பணம் நின்றதும் சாப்பாட்டு மேசையில் கூடுதலாக ஒரு தட்டு. யாரும் கெட்டவர்கள் இல்லை. வீடு அப்படிப் பின்னப்பட்டுவிட்டது.

சொத்து இன்னொரு முடிச்சு. அவர் காசில் கட்டிய வீடு பல நேரம் மாமனார் நிலத்தில் நிற்கும். 1988-இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டப்படி, தனியாக ஒப்பந்தம் போடாத தம்பதியின் சொத்து பெரும்பாலும் இருவருக்கும் பொது, அவர் சம்பாதித்ததும் சேர்த்து. முஸ்லிம்களுக்கான தனிச் சட்டத்தை விட்டால் பிலிப்பைன்ஸில் விவாகரத்து கிடையாது. திருமணமே செல்லாது என்று நிரூபிக்கும் வழக்கு உண்டு, அதற்குப் பணமும் வருஷமும் வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் கணவர் வேறு வீட்டில் இருக்கிறார் என்ற நிலையில் நிற்கும் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது வக்கீல். நாம் அவருக்குச் சோப்பு செய்யும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பத்தாங்காஸ் மாகாணத்தில் மாபினி என்ற ஊர் இருக்கிறது. இத்தாலியில் வீட்டு வேலைக்குப் போனவர்களால் நிறைந்த ஊர். அதன் ஒரு பகுதியை ‘குட்டி இத்தாலி’ என்பார்கள். இத்தாலிய மாளிகை பாணியில் பால்கனியும் தூணுமாக வண்ண வீடுகள். பலவற்றில் ஜன்னல் மூடியே கிடக்கும். ஒரு பாட்டி, ஒரு பணிப்பெண், ஒரு நாய். அந்தப் பணிப்பெண்ணும் வேறு மாகாணத்திலிருந்து தன் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவராக இருப்பார். ஓய்வுக்குத் திரும்பலாம் என்று கட்டிய வீடுகள் அவை. ஆனால் பிள்ளைகளும் இத்தாலிக்கே போய்விட்டார்கள், பேரன் பேத்தி அங்கே பிறந்துவிட்டார்கள். இப்போது எந்த ஊருக்குத் திரும்புவது?

லகூனா மாகாணத்தின் சான் பாப்லோ நகரில் 1996 முதல் இயங்கும் ‘அத்திக்கா’ என்ற தொண்டு அமைப்பு, மாபினி போன்ற ஊர்களில் இந்த முடிச்சைப் பிடித்து வேலை செய்கிறது. இவர்கள் வழி எளிமையானது. வெளிநாட்டில் இருப்பவரிடமும் ஊரில் இருக்கும் குடும்பத்திடமும் ஒரே நேரத்தில் பேசுவது. எத்தனை வருஷத்தில் திரும்புவது, அதற்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது, உறவுக்காரர் கேட்டால் யார் ‘இல்லை’ என்று சொல்வது எனப் பேசவைப்பார்கள். பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டி, அப்பா அம்மா அங்கே எத்தனை மணிநேரம் வேலை செய்கிறார்கள் என்று காட்டுவார்கள். புது ஷூ கேட்கும் பையனுக்கு அந்த ஷூ எத்தனை மணிநேர இஸ்திரி என்று தெரியவந்தால் போன் பேச்சே மாறிவிடும். பிலிப்பைன்ஸ் மத்திய வங்கியின் கருத்துக்கணிப்புகளில், பணம் பெறும் குடும்பங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அதை உணவுக்கும் வீட்டுச் செலவுக்கும் என்கின்றன. சேமிப்புக்கும் கொஞ்சம் போகிறது என்பவை மூன்றில் ஒன்றை ஒட்டியே இருந்துவருகின்றன. திரும்பி வந்தபின் நடத்தும் பயிற்சி முகாமில் இந்தக் கணக்கு மாறாது. அது மாற வேண்டிய காலம், பணம் வந்துகொண்டிருக்கும்போது. நான் இந்த விஷயத்தில் கடைசியில் வந்து நிற்கும் இடமும் இதுதான். உதவி விமான நிலையத்தில் தொடங்குகிறது, ஆளுக்கு மட்டும் தரப்படுகிறது. தொடங்க வேண்டியது போகும் முன்பே, தர வேண்டியது வீட்டுக்கும் சேர்த்து.

எல்லாத் திரும்புதலும் ஒன்றில்லை

திட்டமிட்டு வருபவரைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். பலருக்கு அந்தச் சொகுசு இல்லை.

2006-இல் லெபனானில் குண்டு விழுந்தபோது ஆயிரக்கணக்கான பிலிப்பினோ பணிப்பெண்கள் கையில் ஒரு பையோடு ஊர் வந்தார்கள். அவர்களுக்கு அரசு வைத்த யோசனை: முதலுதவி, தீயணைப்பு, மேம்பட்ட வீட்டு நிர்வாகம் கற்றுக்கொடுத்து ‘சூப்பர் மெய்ட்’ ஆக்கி, கூடுதல் சம்பளத்துக்கு மறுபடி அனுப்புவது. நல்ல எண்ணம்தான், ஆனால் மறுவாழ்வு என்பதற்கு அகராதியில் அரசு என்ன பொருள் எழுதிவைத்திருந்தது என்பதும் அதில் தெரிந்தது.

2020-இல் கொரோனாவால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். அந்த மே மாதம் சுமார் 24,000 பேர் பரிசோதனை முடிவு வராமல் மணிலா ஹோட்டல்களில் வாரக்கணக்கில் அடைந்துகிடந்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அதிபர் துத்தெர்த்தே உத்தரவு போட்டபின்தான் பேருந்துகள் கிளம்பின. ஒருமுறை உதவியாக 10,000 பெசோ கொடுத்தார்கள். சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு அப்படி வந்தவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, மூன்று மாதம் கழித்தும் 80 சதவீதத்துக்கு மேலானவர்களுக்கு வேலையில்லை.

சவுதியில் 2015, 2016-இல் பெரிய கட்டுமான நிறுவனங்கள் சரிந்தபோது சுமார் 10,000 பிலிப்பினோக்கள் சம்பள பாக்கியை விட்டுவிட்டு வந்தார்கள். அதே முகாம்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்களும் சாப்பாடில்லாமல் சிக்கியிருந்தது நம் செய்தித்தாள்களிலும் வந்தது. பாக்கியைத் தருகிறோம் என்று சவுதி பட்டத்து இளவரசர் 2022 நவம்பரில் வாக்குக் கொடுத்தார். முதல் காசோலைகள் 2024-இல் வந்தன. இடையில் எட்டு வருஷம். வாங்க வேண்டியவர்களில் சிலர் அதற்குள் இறந்துபோனார்கள், வாரிசுகள் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்தவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி சில சமயம் அவருடைய சொந்தக் காசை வாங்கிக்கொடுப்பதுதான்.

இன்னும் ஓசையில்லாமல் வருபவர்கள் உண்டு. மலேசியாவின் சபாவிலிருந்து நாடு கடத்தப்படுபவர்கள் விமானத்தில் வருவதில்லை, சண்டக்கானிலிருந்து படகில் சம்போவாங்காவுக்கோ தாவி-தாவிக்கோ வருகிறார்கள். 2002-இல் மலேசியா கெடுபிடி காட்டியபோது இப்படி ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். பலரிடம் காகிதம் எதுவும் இல்லை. 25 டாலர் கட்டி நலவாரியத்தில் சேர்ந்தவர்களும் இல்லை, ஆகவே பெரிய திட்டங்கள் எதிலும் இவர்கள் பெயர் வராது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் ‘திரும்பி’ வந்த நாடு முதன்முறையாகப் பார்க்கிற நாடு.

ஜப்பானிலிருந்து வந்தவர்கள் கதை தனி. எண்பதுகளிலிருந்து பாடவும் ஆடவும் என்று விசா வாங்கிப் போன பெண்கள், 2005-இல் ஜப்பான் அந்த விசாவை இறுக்கியதும் வேலை இழந்தார்கள். பலர் கையில் ஜப்பானியத் தகப்பனுக்குப் பிறந்த குழந்தை. தகப்பன் பெயர் தெரியும், முகவரி தெரியாது. மணிலாவில் 1996-இல் தொடங்கிய ‘டான்’ என்ற அமைப்பு இவர்களுக்குத் தையலும் கைத்தறியும் கற்றுக்கொடுத்தது. ஒரு நாடகக் குழுவும் வைத்தது. பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே மேடையேற்றினார்கள், ஜப்பான் போய் நடித்தார்கள். சட்டப் போராட்டங்களும் நடந்தன. திருமணத்துக்கு வெளியே பிறந்து, பிறந்தபின் தகப்பன் ஏற்றுக்கொண்ட பத்துப் பிலிப்பினோ-ஜப்பானியக் குழந்தைகள் தொடுத்த வழக்கில், அவர்களுக்குக் குடியுரிமை மறுத்த விதி அரசியலமைப்புக்கு எதிரானது என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2008 ஜூன் 4-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. சட்டமே மாறியது.

இனி ஹாங்காங். அங்கே பிலிப்பைன்ஸ் துணைத் தூதரகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். வெள்ளியும் சனியும் விடுமுறை. பணிப்பெண்களில் பெரும்பாலோருக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு என்பதால் இந்த ஏற்பாடு. சென்ட்ரல் பகுதியில் நடைபாலங்களின் கீழே அட்டை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டும் பெட்டி கட்டிக்கொண்டும் இருப்பவர்களில் சிலர் நடுவில் எழுந்து, பணம் அனுப்பவும் சமூகப் பாதுகாப்புத் தவணை கட்டவும் போவார்கள். அந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 120 மாதத் தவணை கட்டியிருக்க வேண்டும், வயது 60 ஆக வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்பவருக்கு அது கட்டாயம் என்று 2019-இல் கையெழுத்தான சட்டம் சொல்கிறது. ஆனால் கையில் ரெண்டாயிரம் பெசோ மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மகளின் கல்லூரிக் கட்டணமும் இருக்கும், தங்கச்சி பிரசவமும் இருக்கும். நாற்பத்தேழு வயதில் முதல் தவணை கட்டுபவருக்கு ஒரு மாதம்கூட விடாமல் கட்டினால் ஐம்பத்தேழில் 120 முடியும். அறுபதுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கும். அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை பெட்டி கட்டுவது, எதைக் கட்டாமல் விடுவது என்பதை அவர் தனியாக முடிவு செய்ய முடியாது. ஊரில் பெட்டியைப் பிரிப்பவர்களும் அந்தக் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும்.